தோலுக்குக் கீழே, அரிசியளவில்

இல்லை என்று போட்டுவிட்டேன். ஏழாவது கேள்வி. உங்கள் உடலில் உலோகத் துண்டுகள், ஆணிகள், செல் சிதறல்கள், ரவைகள் ஏதும் உண்டா, பக்கத்தில் ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தார்கள், நான் தமிழிலும் வாசித்தேன், ஆங்கிலத்திலும் வாசித்தேன், இரண்டிலும் விளங்கியது, விளங்கி முடிக்க முன்னமே கை போய் இரண்டாவது பெட்டிக்குள் புள்ளடி போட்டுவிட்டு எட்டாவதுக்கு இறங்கிவிட்டது, கர்ப்பமாக இருக்கிறீர்களா, இல்லை, நாற்பத்தெட்டு வயதில் அதற்கு என்ன யோசனை, ஒன்பது, பூட்டிய இடங்களில் பயம் உண்டா, இல்லை, அதுவும் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யால் ஒருவரும் சாக மாட்டார்கள். கையெழுத்து. திகதி. கவுண்டரில் இருந்த பிள்ளை படிவத்தை வாங்கி நீல ஃபைலுக்குள் செருகி, பதினாலாம் நம்பர் துண்டைத் தந்து, அன்ரி உதில இருங்கோ, கூப்பிடுவினம் என்றது. இருக்கிறேன். உள்ளே இப்போது பன்னிரண்டு. பதின்மூன்று எதிர்க் கதிரையில், சாறம் உடுத்த மனுசன், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் கதிரைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார், நிலம் அவ்வளவு குளிர். ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் எனக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. அதற்குள் எழும்பிப் போய், தங்கச்சி, அந்த ஏழாவதை மாத்தோணும் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். பத்தடி தூரம். ஆனால் இங்கே கவுண்டரில் சொல்லுகிற எதுவும் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்கும், சற்று முன் ஒருவர் தன் மூலவியாதியைப் பற்றிச் சொன்னதை நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டோம், என் பக்கத்துக் கதிரையில் மாமி இருக்கிறா. சர்க்கரை வருத்தம் மாமியின் கண்ணைத்தான் பிடித்தது. காதைத் தொடவில்லை. மாமிக்குக் கேட்கும்படி அதைச் சொல்ல என்னால் ஏலாது.

அரிசியளவுதான். வலப்பக்கக் கழுத்தில், காதுச் சோணைக்குக் கீழே மூன்று விரல் தள்ளி. தடவினால் ஓடும், விட்டால் திரும்பி வந்து இருக்கும், ஒரு முனை மட்டும் கூர். முப்பத்தொரு வருடமாக இருக்கிறது. ரொறன்ரோவுக்குப் போன முதல் வருடம் குடிவரவுக்காக எடுத்த நெஞ்சுப் படத்தின் மேல் ஓரத்தில் அது ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்துவிட்டது. வயதான டொக்டர், வெளிச்சப் பலகையில் படத்தைச் செருகிவிட்டுத் திரும்பி, இது என்ன என்று கேட்டார், நான் சின்ன வயதில் சைக்கிளால் விழுந்தது, வேலிக் கம்பி குத்தினது என்றேன், அந்த ஆங்கில வசனத்தை நாலு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்தேன், அவர் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, சப்கியூட்டேனியஸ் என்றார். அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். ஏதோ வருத்தத்தின் பெயர் என்று நினைத்துப் பேருந்தில் வரும் வழி முழுக்க மறந்துவிடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்து அகராதியை விரித்தால், தோலடி, தோலுக்குக் கீழுள்ள, அவ்வளவுதான். ஆழமில்லை. உள்ளே வரவில்லை. படலையோடு நிற்கிறது. ஒரு சொல் ஆளைத் தடவிக் கொடுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அன்று இரவு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு குப்புறப் படுத்து நித்திரை கொண்டேன்.

பிறகு அந்தச் சொல்தான் எனக்குச் சோறு போட்டது. ஒரு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு, பத்தொன்பது வருடம், காதில் குழாயை மாட்டிக்கொண்டு, கால்மிதியை அழுத்தி ஓட்டியும் நிறுத்தியும், டொக்டர்மார் பேசி அனுப்புகிறதைத் தட்டச்சுச் செய்கிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தரம் அந்தச் சொல் வரும். தோலடிக் கொழுப்பு, தோலடித் தையல், தோலடியில் சேர்ந்த இரத்தம். சில டொக்டர்மார் வாய்க்குள் மென்று விழுங்குவார்கள், எனக்கு முதல் அசையே போதும், விரல் தானாக ஓடும். ஆருக்கும் சொல்லாமல் அதை வெளியிலும் எடுத்துப் புழங்கத் தொடங்கினேன். பனிக்குக் கீழே கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கிற தண்ணீர், அது தோலடி. பக்கத்து மேசை மரியா காலை வணக்கம் சொல்லும்போது உதட்டுக்குக் கீழே ஓடுகிற எரிச்சல், தோலடி. புருசனும் நானும் ஏழு வருடம் ஒரு வீட்டில் ஒரு சண்டையும் பிடிக்காமல் இருந்துவிட்டு ஒரு சண்டையும் பிடிக்காமல் பிரிந்தோமே, அவருக்கும் வேலிக் கம்பி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன், அவர் ஒருநாள்கூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தபோது, ஏன் வந்தனி என்று கேட்டவர்களுக்குக் குளிர் ஒத்துவரவில்லை என்றேன். அம்மா செத்துவிட்டா, எங்கள் வீடு வித்தாகிவிட்டது, மாமி தனியே இருக்கிறா, கண்ணும் சரியில்லை, ஊசி போட ஆள் வேண்டும், சரிதானே. காலமை ஏழு மணிக்கு மாமி சட்டையை உயர்த்திக்கொண்டு கதிரையில் இருப்பா, நான் தொப்புளுக்கு இரண்டங்குலம் தள்ளித் தோலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்புக்குள், தசையில் படாமல், தோலுக்கும் கொழுப்புக்கும் நடுவில் இன்சுலினை இறக்குவேன். தட்டச்சில் பத்தொன்பது வருடம் பார்த்த சொல் கையில் சூடாகவும் மெத்தென்றும் இருந்தது. மாமி ஒரு நாளும் நோகுது என்று சொன்னதில்லை. என்ன சமையல் என்று கேட்பா.

சித்திரைக்குப் பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கத் தொடங்கின. முதலில் படுக்கையால் எழும்பும்போது மட்டும், பிறகு கோப்பையைப் பிடிக்கும்போது, பிறகு ஒருநாள் காலமை மாமியின் தோலைக் கிள்ளுகிறேன், கிள்ளியது தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் பிடித்திருக்கிறேனா என்று அறிந்தேன். அன்றைக்குப் பயந்து கழுத்தில் கையை வைத்தேன். இடக்கையால் தேடினேன். இல்லை. காதுச் சோணைக்குக் கீழே மூன்று விரல், நாலு விரல், தோள்பட்டை வரைக்கும், தலையைச் சரித்து, நிமிர்த்தி, குளிக்கும்போது சவர்க்காரம் போட்டு வழுக்கிப் பார்த்தும் இல்லை. முப்பத்தொரு வருடம் வாசலில் நின்றது எழும்பிப் போய்விட்டது. எங்கே போனது என்றுதான் தெரியாது. வெளியே போகவில்லை, தோலில் ஒரு கீறலும் இல்லை. அப்படியென்றால் உள்ளே. உள்ளே என்றால் எவ்வளவு உள்ளே, அங்கே என்னென்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், கழுத்து இரத்தக்குழாய்களின் பெயர்களை நான் நித்திரையிலும் பிழையில்லாமல் தட்டச்சுச் செய்வேன். நரம்பு டொக்டரிடம் விறைப்பை மட்டும் சொன்னேன். அவர் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார். அது காந்தம். தன் வயிற்றுக்குள் ஆளை நுழைக்கிற அளவு பெரிய காந்தம், சும்மா நிற்கும்போதும் இழுத்துக்கொண்டே நிற்கிற காந்தம். இரும்பு ஒட்டுகிற வேலை செய்த ஒருவரின் அறிக்கையை ஒருமுறை தட்டச்சுச் செய்தேன், கண்ணில் பழைய இரும்புத் தூசு ஒன்று இருந்தது அவருக்கே நினைவில்லை, இல்லை என்றுதான் படிவத்தில் போட்டாராம், டொக்டர் அதை ஒரு நெளிவுசுளிவும் இல்லாத குரலில் சொல்லிக்கொண்டு போனார், அசைந்தது என்று சொன்னார், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாடாவில் ஒன்றும் பேசாமல் இருந்தார், நான் கால்மிதியைத் தளர்த்தாமல் அந்தப் பேச்சில்லாத இடத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அவர் உண்மையிலேயே மறந்துபோய்ப் போட்ட இல்லை. என்னுடையது அப்படியில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் தட்டத் தொடங்குகிறது. ஒரே அளவில் ஆறு தட்டு, கொஞ்சம் நிற்கும், பிறகு வேகமாக, பிறகு பழையபடி. கொண்டைக்கு மேலால் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாமி சொல்லுகிறா, உள்ளுக்க நிண்டு ஆரோ கதவு தட்டுற மாதிரிக் கிடக்கு, திறந்து விடுங்கோவன் எண்டு. எதிர்க் கதிரைச் சாறக்காரர் சிரிக்கிறார், அம்மா, நான் உதுக்கு மூண்டாந்தரம், திறக்க மாட்டினம் என்கிறார். மாமியின் மடியில் என் தோடு, சங்கிலி, காப்பு எல்லாம் லேஞ்சித் துணியில் முடிந்து கிடக்கின்றன. தலையில் ஊசி ஏதும் இருந்தால் கழட்டுங்கோ என்று அந்தப் பிள்ளை சொன்னபோது நான் என் விறைத்த கையைத் தூக்க முன் மாமி பின்னால் வந்து கொண்டையை அவிழ்த்து, விரலாலேயே தேடி ஒவ்வொரு ஊசியாக எடுத்து, முடிந்து, பிறகும் ஒருமுறை பிடரியில் இருந்து உச்சி வரை தடவிப் பார்த்து, இல்லை, இனி ஒண்டுமில்லை என்றா. அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. என் கை விறைத்த நாளில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் மாமிதான் எனக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிறா. கண் தெரியாதவ என்பதால் விரல் மெதுவாக நடக்கும்.

இல்லை என்று சொல்ல எனக்கு ஆமிச் சென்றியில்தான் பழகியது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பெண்களுக்கென்று படங்கு கட்டி மறைத்த இடம், உள்ளே சீருடையில் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், காதோரம் பவுடர் திட்டாக நிற்கும், கையால் தோளைத் தடவி, இடுப்பைத் தடவி, கழுத்துக்கு வந்து நின்றுவிட்டாள், இது மொனவத, என்ன இது. உடம்பில் காயம் இருந்தால் இயக்கத்தில் இருந்தவள், இயக்கத்தில் இருந்தவள் என்றால் பஸ்ஸில் மிச்சப் பேர் போவார்கள், நீ போக மாட்டாய். கட்டி என்றேன். பரு என்றேன். இல்லை, இல்லை, ஒன்றுமில்லை. அவள் இன்னுமொருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு விட்டாள். அந்த விரலும் குளிர்தான். அதற்குப் பிறகு எத்தனை இல்லை. கொழும்பில் பொலிஸ் பதிவில், அடையாளத் தழும்புகள், இல்லை. கனடாவில் அகதி விசாரணையில், காயப்பட்டீர்களா என்று வழக்கறிஞரே கண்ணைக் காட்டிக் கேட்டார், ஓம் என்றால் வழக்குக்கு நல்லது என்று அவருக்குத் தெரியும், நானோ அங்கேயும் இல்லை என்றேன், அவர் பேனையை மூடிவிட்டார். காயம் நல்லதாய் இருக்கிற ஓர் இடம் இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படி, தொடையில், முதுகில், தலைக்குள், எல்லாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு உலகம் முழுக்கக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். அதனால்தான் கை தானாகப் போனது. பழக்கம். பழக்கத்தின் பிழை. அப்படிச் சொல்லிக்கொண்டால் வடிவாகப் பொருந்துகிறது, ஒரு விளிம்பும் பிசகவில்லை, அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பழக்கம் என்றால் எழும்பிப் போய் மாற்றலாமே. ஏன் எழும்பவில்லை.

பன்னிரண்டு வெளியே வருகிறது, கழுத்தைத் தடவிக்கொண்டு ஒரு பெடிச்சி, தாய் சால்வையைப் போர்த்துகிறா. சாறக்காரர் செருப்பைத் தேடிப் போட்டு, மாமியைப் பார்த்து, போய்த் தட்டிப் பாக்கிறன் அம்மா என்றுவிட்டு உள்ளே போகிறார். கதவு மூடுகிறது. இன்னும் இருபது நிமிடம். இப்போது எழும்பலாம். எழும்பி, ரொயிலற்றுக்குப் போகிற மாதிரிப் போய், குனிந்து, காதோடு. காதோடு சொன்னால் அந்தப் பிள்ளை சத்தமாகத் திருப்பிக் கேட்கும், செல் துண்டோ, எப்ப பட்டது, எங்க வைச்சு. படிவத்தின் அடியில் அதற்கும் ஒரு கோடு இருந்தது, ஓம் எனின் விபரம். எங்கே வைத்து என்று நான் என்ன சொல்ல.

சங்கக்கடையடியில் வைத்து. தொண்ணூற்று மூன்று, எனக்குப் பதினேழு, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கூப்பன் மட்டையும் ஐந்து லீற்றர் கானும். அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. வதனி இரவல் வாங்கின கணக்குக் கொப்பியைத் தர வந்தவள், மாமியின் மகள், எனக்கு இரண்டு வயது மூப்பு, மச்சாள் என்றாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வாவன், தனியே நிக்க அலுப்படிக்கும், என்று நான்தான் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனேன். நான்தான். வரிசையில் நின்றுகொண்டு அவள் ஆரோ வாத்தியார் மூக்கைச் சிந்துகிற மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு நான் நிலத்தில் கிடந்தேன். சத்தம் கேட்டதாக நினைவில்லை, மண்ணெண்ணெய் மணந்தது, வாய்க்குள் மண். கழுத்தில் ஏதோ குளவி குத்தின மாதிரி. வதனி எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தாள், கிடக்கவில்லை, இருந்தாள், சுவரில் சாய்ந்து, பாவாடையைப் பார்த்துக்கொண்டு. அப்போது தூரத்தில் அடுத்த செல்லைக் குத்துகிற சத்தம் கேட்டது. குத்தினால் விழ எவ்வளவு நேரம் என்று எங்களுக்கு அப்போது கணக்குத் தெரியும். நான் எழும்பினேன். வதனி என்னைப் பார்த்து ஒன்று சொன்னாள். நான் ஓடிவிட்டேன். அவள் சொன்னதை இந்தக் கதிரையில் இருந்து நினைக்க மாட்டேன், எத்தனையோ கதிரைகளில் நினைத்தாயிற்று. வீட்டில் அம்மா கிணற்றடியில் வைத்துக் கழுத்தைக் கழுவி, டெற்றோல் போட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், காலர் வைத்த சட்டையை எடுத்துத் தந்து, பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிவிட்டா. சொல்லாதை என்றா. செத்தவீட்டில் மாமி அழவில்லை, வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்துப் பார்த்தா, என் கையைப் பிடித்துக் கேட்டா, நளா, நீயும் அவளோட போனனியோ. அம்மா என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றா. இல்லை மாமி. அதுதான் முதல் இல்லை. சென்றிக்காரிக்குச் சொன்னது இரண்டாவது. அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடத்தில் மாமி என்னை ஒன்றும் கேட்டதில்லை, இப்போதும் என்ன சமையல் என்று மட்டும் கேட்கிறா, நான் மாமியின் தோலைக் கிள்ளுகிறேன்.

போகலாம். எழும்பி வீட்டுக்குப் போகலாம், தலை சுத்துது, இன்னொரு நாள் பாப்பம். விரல் விறைத்தால் விறைக்கட்டும். அல்லது உள்ளே போகலாம். அரிசியளவு, காந்தம் பார்க்காமலே விடலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம், ஆகினால் அதுவும் ஒரு முடிவு, நான் ஏதோ வருத்தத்தில் செத்தேன் என்று மாமி நினைப்பா. அப்படி நினைத்தபோது வந்த சுகம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அரை நொடி, குளிரில் போர்வையை இழுத்த மாதிரி ஒரு சுகம். கால் எழும்புகிறது, எழும்பி நிற்கிறேன், எங்க போறாய் என்று மாமி கேட்கிறா, ஒரு இடமுமில்லை என்று திரும்ப இருக்கிறேன். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிகிறது.

சாறக்காரர் வெளியே வந்து போன பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்தது கவுண்டர்ப் பிள்ளை இல்லை, உள்ளே மெஷினை ஓட்டுகிற பிள்ளை, சட்டையில் நிரோஜினி என்று பெயர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கையில் என் நீல ஃபைல். செல்லத்துரை நளாயினி என்று கூப்பிட்டுவிட்டு, நான் எழும்ப முன்னமே தானே வந்து எனக்கு முன்னால் குந்தியிருந்தாள். ஏழாவது கேள்வியை விரலால் தொட்டாள். பிறகு படிவத்தை மூடி வைத்துவிட்டாள். "அன்ரி, தொண்ணூறுகளில எங்க இருந்தனீங்கள்?" இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வழக்கமாக ஆமிக்காரரின் துவக்கு ஒன்று நிற்கும். எனக்கு மறுமொழி பாடம். கொழும்பில, வெள்ளவத்தையில, ஒரு அன்ரி வீட்டில நிண்டு படிச்சனான் என்றேன், குரல் ஒரு இடத்திலும் தடக்கவில்லை. அவள் தலையாட்டிக் கேட்டாள். தான் படிவத்தை நம்பி ஒருவரையும் உள்ளே விடுவதில்லையாம், இங்கே ஒருவரும் ஓம் போடுவதில்லையாம், அதனால் வருசத்தையும் ஊரையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கிறவளாம். "எங்கட பெரியம்மாவும் வெள்ளவத்தை எண்டுதான் சொன்னவ" என்றாள் சிரித்துக்கொண்டு. "அவ கொழும்பைக் கண்ணாலயும் கண்டதில்லை." நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு முகத்தில் காய்ந்து இழுத்தது. அவள் எழும்பப் போனாள், சரி வாங்கோ என்று கையை நீட்டினாள், நான் அந்தக் கையைப் பிடிக்க என் கையைத் தூக்கினேன்.

"இவ கொழும்பில இருக்கேல்லைப் பிள்ளை." மாமி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னா. "இஞ்சதான் இருந்தவ. கழுத்தில பாருங்கோ, வலப்பக்கம்."

கழுத்தைப் பார்த்த நிரோஜினி ஒன்றையும் காணாமல் மாமியைப் பார்த்தாள். மாமி லேஞ்சி முடிச்சை மடியில் உருட்டிக்கொண்டு, கறி மிளகாய் விலை சொல்லுகிற மாதிரிச் சொன்னா, வெளியில தெரியாது, எண்ணெய் வைக்கேக்க தட்டுப்படும், முதலில காதுக்குக் கீழ நிண்டது, ஆனி மாசம் வரைக்கும் அங்கதான் நிண்டது, பிறகு பின்னால பிடரிப் பக்கமாப் போட்டுது, போன வெள்ளி தேடித்தான் பிடிச்சன், உள்ளுக்கு இறங்கீட்டுது. வெள்ளிக்கு வெள்ளி. நான் கண்ணை மூடி, எண்ணெய் காதால் வழிய, நித்திரை தூங்கிக்கொண்டிருந்த அத்தனை வெள்ளியும் மாமி அதைத் தேடிப் பிடித்து, இருக்கிற இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, பேசாமல் தலையை முடிந்துவிட்டிருக்கிறா. எப்ப பட்டது அம்மா, தெரியுமோ, என்று நிரோஜினி பேனையை எடுத்தாள். "தொண்ணூற்றி மூண்டு. ஐப்பசி பதினேழு. பின்னேரம் மூண்டரை." வதனியின் திவசத்துக்கு மாமி வருசாவருசம் ஐயருக்குச் சொல்லுகிற திகதி. அவள் எழுதினாள். பேனை ஓடுகிற சத்தம் கேட்டது. தோலுக்குக் கீழதான் எண்டு கனடாவில டொக்டர் சொன்னவர் என்று என் வாய் சொல்லிற்று, அந்தப் பழைய சொல்லைப் பிடித்துக்கொண்டு, வேறு பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"எல்லாம் தோலுக்குக் கீழதானே அன்ரி" என்றாள் அவள். இரும்பு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் காந்தத்துக்குக் கிட்ட விட ஏலாதாம், முதலில் ஒரு எக்ஸ்றே, அதைப் பெரிய டொக்டர் பார்க்கவேண்டும், நிற்கிற இடம் கூடாத இடம் என்றால் இன்றைக்கே வேறு ஆட்களோடு கதைக்கவேண்டிவரும். கூடாத இடம் என்று சொல்லும்போது குரலைத் தணித்தாள். என்னுடைய டொக்டர்மாரும் அப்படித்தான் தணிப்பார்கள், அந்த இடத்தில் நான் எப்போதும் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பேன்.

எக்ஸ்றே அறை நாலு கதவு தள்ளி. மாமியும் எழும்பி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தா, ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று தெரியவில்லை. சுவரில் கோடு போட்ட மாதிரி ஒரே நேராக நடந்தோம். முப்பத்தொரு வருடம் தெரியுமா, அல்லது இந்த வெள்ளிக்கிழமைகளில்தான் தெரிந்ததா, செத்தவீட்டில் கையைப் பிடித்தபோதே காலருக்குள்ளால் தெரிந்ததா, தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு காலமையும் சட்டையை உயர்த்திக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாவா. கதவடியில் மாமி நின்றா. என் பிடரியில் கையை வைத்து, கூந்தலை ஒதுக்கி, மெதுவாக அழுத்தி, ஓர் இடத்தில் விரலை நிறுத்தினா. எனக்கு அங்கே நொந்தது. அதுதான் அதன் இடம், நான் கடைசி வரை போய்த் தேடாத இடம்.

"அவள் ஏதும் சொன்னவளோ?"

கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்க முன், கையை எடுத்துவிட்டா. "படத்தை எடுத்திட்டு வந்து சொல்லு. இஞ்சதான் இருப்பன்." சுவரைத் தடவிப் பார்த்து, சுவரோரத்து நீட்டு வாங்கைக் கண்டுபிடித்து, லேஞ்சி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா, கதவுக்கு நேரே.

உள்ளே இருட்டில்லை, ஆனால் இருட்டின் மணம். சட்டைக் காலரை மடித்து விடச் சொன்னாள் நிரோஜினி. முகத்தை நிமிர்த்தி நாடியைப் பலகையில் வைக்கச் சொன்னாள், குளிர்ந்தது, தோளைக் கீழே தள்ளினாள், முதலில் பக்கவாட்டில், பிறகு நேரே. தடுப்புக்குப் பின்னால் போய்விட்டாள், அங்கிருந்து குரல் மட்டும் வருகிறது. இந்த அறைக்கு வெளியே ஒரு கேள்வி வாங்கில் இருக்கிறது. இந்தப் பலகைக்குள் ஒரு மறுமொழி விழப்போகிறது, எவ்வளவு ஆழம், எதற்குப் பக்கத்தில் என்று. இரண்டில் எதற்கு எனக்குக் கூடுதல் பயம் என்று தெரியவில்லை. வதனி சுவரில் சாய்ந்து இருக்கிறாள், பாவாடையில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்க்கிறாள், கோபமில்லை, கெஞ்சவுமில்லை, சங்கக்கடை வரிசையில் இடம் பிடிக்கச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னாள், நளா, நில்லன்.

அசையாமல் நில்லுங்கோ, மூச்சைப் பிடியுங்கோ, என்கிறது தடுப்புக்குப் பின்னால் இருந்து குரல்.

நிற்கிறேன்.